லீஸ் பணம் கொடுக்கும் முன்: ‘ஈ.சி. கிளீன்’ என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள்

சென்ற ஆண்டு பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு வீட்டு வாசலில் நின்று, வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொள்வதாக வங்கி கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்த உடைமை அறிவிப்பைப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. மாத வாடகை இல்லாமல் மொத்தமாக 9 லட்சம் ரூபாய் கொடுத்து அங்கே லீஸுக்குக் குடியிருந்த அம்மாள், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த ஈ.சி.யை (வில்லங்கச் சான்றை) எடுத்து நீட்டி, “இதுல கடன் எதுவும் இல்லன்னுதானே போட்டிருக்கு, அண்ணா?” என்று கேட்டார். தாளில் எதுவும் இல்லைதான். ஆனால் லீஸ் பணம் கைமாறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உரிமையாளர் மூலப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். பல மாதங்களாகத் தவணை கட்டவில்லை என்பதும் அந்த அம்மாளுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஈ.சி. என்று நாம் சொல்லும் வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். கர்நாடகத்தில் பதிவுகள் இருந்தால் படிவம் 15 வரும். எதுவும் கிடைக்காவிட்டால் படிவம் 16 வரும். தரகர்கள் கையில் வைத்துக்கொண்டு ‘கிளீன்’ என்று சொல்வது இந்தப் படிவம் 16-ஐத்தான். சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவின்படி, கடனுக்கு ஈடாக மூலப் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்தாலே அடமானம் ஏற்பட்டுவிடுகிறது. அதற்குத் தனியாக ஒரு பத்திரம் எழுதிப் பதிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல வங்கிகள் பதிகின்றன என்றாலும், பதியாத அடமானமும் செல்லும், அது ஈ.சி.யில் தெரியாது.

இதைவிட அதிகம் பேரை வீழ்த்துவது எண் குழப்பம். பெங்களூரில் ஒரே வீட்டுக்குப் பழைய சர்வே எண், சைட் எண், பழைய காத்தா (சொத்துவரிப் பதிவேடு) எண், மாநகராட்சி தரும் சொத்து அடையாளமான பி.ஐ.டி. எண், இப்போது இ-காத்தா எண் என்று ஐந்து அடையாளங்கள்கூட இருக்கும். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் எந்த எண்ணைக் கொடுத்துத் தேடுகிறோமோ, அந்த எண்ணில் எழுதப்பட்ட பத்திரங்கள்தான் வரும். சைட் எண்ணைப் போட்டுத் தேடி, அடமானம் காத்தா எண்ணில் பதிவாகியிருந்தால், படிவம் 16 கிடைத்துவிடும். அந்தத் தாள் பொய்யும் அல்ல, பயனும் அற்றது. எனவே உரிமையாளரின் கிரயப் பத்திரத்தில் உள்ள சொத்து விவரப் பகுதியைப் பார்த்து, அதில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். அந்தப் பகுதி முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால், அந்த அலுவலகத்தின் பழைய பதிவுகளையும் கேளுங்கள். சான்று கன்னடத்தில் வரும் என்பதால், கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லுங்கள். அடமானத்தைக் குறிக்கும் ‘அடமான’, ‘ஆதார’ என்ற சொற்கள் எந்த வரியில் வந்தாலும் அதன் கதையை முழுதாகக் கேட்காமல் நகராதீர்கள்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது செர்சாய். கடன் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை வங்கி நீதிமன்ற வழக்கு இல்லாமலே எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் 2011-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பதிவகம் இது. வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தாங்கள் வாங்கிய அடமானங்களை, பத்திர ஒப்படைப்பு அடமானம் உட்பட, இங்கே பதிய வேண்டும். பொதுமக்கள் யாரும் தேடலாம். கட்டணம் 10 ரூபாயும் அதற்கான வரியும். இவ்வளவு மலிவான சோதனையை லீஸ் எடுக்கும் ஆயிரம் பேரில் ஒருவராவது செய்கிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பதே காரணம்.

ஆனால் செர்சாயிலும் ‘பதிவு எதுவும் இல்லை’ என்று வந்தவுடன் நிம்மதி அடையக் கூடாது. அங்கே விவரங்களை உள்ளிடுபவர் வங்கியின் ஏதோ ஒரு மையத்தில் இருக்கும் ஊழியர். அவர் ஊர்ப் பெயரை அல்சூர் என்று எழுதினாரா, ஹலசூரு என்று எழுதினாரா என்பது நமக்குத் தெரியாது. 2014 நவம்பர் 1-இல் நகரத்தின் பெயரே பெங்களூர் என்பதிலிருந்து பெங்களூரு ஆனது. பழைய பதிவுகள் பழைய பெயரிலேயே கிடக்கின்றன. ஆகவே சொத்தின் முகவரியை வைத்து இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு, கடன் வாங்கியவரின் விவரத்தை வைத்தும் தேட வேண்டும். நம் மக்களிடம் இனிஷியல் பெரிய தொல்லை: பத்திரத்தில் ‘எம். செல்வம்’, பான் அட்டையில் ‘செல்வம் முருகேசன்’, ஆதாரில் ‘முருகேசன் செல்வம்’. பெயரை நம்பாமல் பான் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீடு அம்மா பெயரிலும் கடன் மகனின் தொழிலுக்கும் இருப்பது சாதாரணம் என்பதால், இருவரின் பெயரிலும் தேடுங்கள். வங்கி கடன் கொடுத்த அன்றே பதிவு ஏறிவிடுவதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு முறையும், முழுப் பணம் கொடுக்கும் அன்று காலையில் ஒரு முறையும் நீங்களே தேடுங்கள். தரகர் கொண்டுவரும் அச்சுத்தாளை ஏற்காதீர்கள்.

வட்டிக்காரரிடம் பதியாமல் வைத்த பத்திரம் ஈ.சி.யிலும் வராது, செர்சாயிலும் வராது. அதற்கு ஒரே சோதனை, மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்ப்பதுதான். ஜெராக்ஸ் வேண்டாம், சான்றிட்ட நகலும் வேண்டாம். “ஒரிஜினல் லாக்கரில் இருக்கிறது, அடுத்த வாரம் காட்டுகிறேன்” என்றால், பணத்தையும் அடுத்த வாரமே கொடுங்கள். “தொலைந்துவிட்டது” என்றால் அந்த வீடே வேண்டாம்.

கடன் இருப்பது தெரிந்தும் பலர் லீஸ் எடுக்கிறார்கள்; “அக்ரிமென்ட்டை ரிஜிஸ்டர் செய்துவிட்டால் பயமில்லை” என்று தரகர் சொல்லிவிடுகிறார். இது தவறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு, அடமானம் வைத்தவர் வீட்டை வாடகைக்கு விடலாம் என்று அனுமதித்துவிட்டு, பிரீமியமாகத் தொகை வாங்கக் கூடாது, வாடகையை முன்கூட்டிப் பெறக் கூடாது, கட்டடமானால் 3 ஆண்டுகளுக்கு மேல் விடக் கூடாது என்று கட்டுப்படுத்துகிறது. மாத வாடகையே இல்லாமல் மொத்தப் பணத்தில் ஓடும் பெங்களூர் லீஸ் இந்த வரம்புக்குள் அடங்குவது மிகக் கடினம். வங்கியின் கடன் ஒப்பந்தமே லீஸைத் தடுத்திருக்கவும் கூடும். பதிவு செய்தாலும், வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதக் கடிதம் இல்லாத லீஸ் வங்கியின் முன் நிற்பது அரிது. கடிதத்தை உரிமையாளர்தான் வாங்கித் தர வேண்டும். நீங்கள் நேராகக் கிளைக்குப் போய்க் கேட்டால், மூன்றாம் நபருக்குத் தகவல் தர முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள்.

வங்கியின் உடைமை அறிவிப்பு ஒட்டப்பட்டுவிட்டால் நாட்களை வீணாக்காதீர்கள். ஈஜிபுரா அம்மாளை வங்கி, உரிமையாளரைக் கேட்கச் சொன்னது. உரிமையாளரின் கைப்பேசி அணைந்திருந்தது. காவல் நிலையம், இது சிவில் விவகாரம் என்றது. இந்த மூன்று வாசல்களுக்கும் அலைந்ததில் ஐந்து வாரம் போய்விட்டது. சர்ஃபேசி சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள் மட்டுமே இருக்கிறது. குத்தகைதாரரும் அங்கே தம் உரிமையைச் சொல்லலாம். அறிவிப்பைத் தேதி தெரியும்படி அன்றே படம் எடுத்து, அந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.

சொந்த வீட்டுக் கடனை அடைத்து முடித்தவர்களுக்கும் இதே பதிவேடுகளால் துன்பம் வருகிறது. வங்கி என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கொடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து விற்கப் போகும்போது, வாங்குபவரின் வங்கி செர்சாயில் பழைய கடன் இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டு கடனை மறுக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, கடன் முழுதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தருவதோடு, எந்தப் பதிவகத்தில் பதிந்த அடமானக் குறிப்பையும் நீக்க வேண்டும் என்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இங்கே ஒரு கண்ணி: இது தனிநபர் கடன்கள் என்ற வகைக்குத்தான் பொருந்தும். வீட்டுக்கடன் அதில் அடங்கும். வீட்டை ஈடுவைத்துத் தொழிலுக்கு வாங்கிய கடன் என்றால், இழப்பீடு கிடையாது என்று கிளை மேலாளர் கைவிரிப்பார். அப்போதும் சர்ஃபேசி சட்டத்தின் 25-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. கடன் அடைந்த 30 நாட்களுக்குள் வங்கி பதிவகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கடன் வாங்கியவரே பதிவகத்துக்கு எழுதலாம், பதிவகம் வங்கியிடம் 14 நாட்களுக்கு மிகாத அவகாசத்தில் விளக்கம் கேட்க வேண்டும்.

கிளையில் வாய்மொழியாகக் கேட்டால், “அது மத்திய செயலாக்க மையத்தின் வேலை” என்பார்கள். எனவே கடைசித் தவணை கட்டிய அன்றே ஒரே கடிதத்தில் மூன்றையும் கேளுங்கள்: மூலப் பத்திரங்களின் பட்டியலோடு திருப்பித் தருதல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் பதிவாகியிருந்தால் அதன் ரத்துப் பதிவு, செர்சாயில் கடன் தீர்ந்ததற்கான பதிவு. நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த முத்திரை இட்ட நகல்தான்.