தணிக்கை, தடை, வாசிப்புரிமை

'சென்சார்' என்பது பழைய ரோமில் ஒரு பதவியின் பெயர். கி.மு. 443இல் உருவான அந்தப் பதவியில் இருந்தவர் குடிமக்களைக் கணக்கெடுப்பார், அவர்களுடைய சொத்தை மதிப்பிடுவார். ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறிக்கும் 'சென்சஸ்' இதே வேரிலிருந்து வந்த சொல்தான். நூலைத் தடுப்பவர் என்ற பொருள் வெகுகாலம் கழித்து, ஐரோப்பாவில் அச்சு பரவிய பிறகே வேரூன்றியது. கத்தோலிக்கத் திருச்சபை 1559இல் வெளியிட்ட தடைநூல் பட்டியல் 1966 வரை நடைமுறையில் இருந்தது.

தமிழில் நிலைத்துவிட்ட சொல் 'தணிக்கை'. தணித்தல் என்ற வினையிலிருந்து பிறந்ததாக நினைக்கத் தோன்றும். ஆனால் தெலுங்கில் 'தனிகீ', கன்னடத்தில் 'தனிகே' என்று இதன் உறவுச் சொற்கள் சோதனை, விசாரணை என்ற பொருளில் வழங்குகின்றன. செப்பனிடுதலைக் குறிக்கும் 'தன்கீஹ்' என்ற அரபிச் சொல்லோடு இவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம். தமிழ்நாட்டில் கணக்குச் சரிபார்ப்புக்கும் இதே சொல்தான். தணிக்கையாளர் என்றால் அலுவலகத்துக்குக் கணக்குப் பார்க்க வருபவர். இலங்கைத் தமிழில் அந்த வேலைக்குக் 'கணக்காய்வு' என்று தனிச்சொல் இருப்பதால் குழப்பம் குறைவு.

எனக்கு உறுத்துவது வேறொன்று. தணிக்கை என்றால் வெளிவருவதற்கு முன்பே பார்வையிட்டு, வெட்டி, அனுமதிப்பது. திரைப்படத்துக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உண்டு. இந்தியாவில் நூல்களுக்கு அப்படியொரு வாரியம் கிடையாது. நூல் வெளிவந்த பிறகு அரசு ஆணையிட்டுப் பிரதிகளைக் கைப்பற்றுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தந்த இந்த அதிகாரம், இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 98ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இதைத் தணிக்கை என்று எழுதினால், யாரோ பொறுமையாக முழுவதும் படித்துத் திருத்தியதுபோல் ஒரு மரியாதை அந்தச் செயலுக்குக் கிடைத்துவிடுகிறது. 'நூல் தடை', 'பறிமுதல்' என்பவையே நடந்ததை நடந்தபடி சொல்லும்.

1928இல் பாரதியின் பாடல் நூல்களைச் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதைக் கடுமையாக எதிர்த்தார். பாரதி மறைந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்துபோன கவிஞரை எந்த ஆணையாலும் தண்டிக்க முடியாது. அந்த அடி விழுந்தது பாடல்களைக் கையில் வைத்திருந்தவர்கள்மீது, இனி வாங்கவிருந்தவர்கள்மீது. சுதந்திரம் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் விடுவிக்கப்பட்டது. இடையில் வளர்ந்த ஒரு தலைமுறை அதை வெளிப்படையாக வாங்கிப் படிக்க முடியாமலே போனது.

தணிக்கை, தடை என்ற இரண்டு சொல்லுக்கும் அடங்காத நிகழ்வுகளும் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எந்த அரசாணையும் தடைசெய்யவில்லை. உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது, அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. 2015 ஜனவரியில், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். இதற்கு 'வாயடைப்பு' என்ற சொல்லே பொருந்தும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிடிக்காத நூலை வீசிவிடலாம், படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, படிப்பதா வேண்டாமா என்ற முடிவை வாசகரிடமே விட்டது. தீர்ப்பில் நான் மிகவும் மதிக்கும் இடம் அதுதான்.

வாசகரின் இந்த உரிமைக்கு என்ன பெயர்? ஐ.நா.வின் உலக மனித உரிமைப் பிரகடனம் (1948) 19ஆம் பிரிவில், கருத்தைப் பரப்புவதோடு தேடவும் பெறவும் உரிமை உண்டு என்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 1953இல் வாசிக்கும் சுதந்திரம் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. தமிழில் 'வாசிப்புச் சுதந்திரம்' என்று எழுதுகிறோம், பிழையில்லை. நான் 'வாசிப்புரிமை' என்பதையே விரும்புகிறேன். உரிமை என்றால் கேட்டுப் பெறலாம், மறுத்தால் வழக்காடலாம். 'படிப்புரிமை' சரிவராது, படிப்பு என்றதும் பள்ளிக்கூடமே நினைவுக்கு வரும். நூலகத்திலிருந்து ஒரு நூலை நீக்கச் சொல்லும் மனுவை எதிர்த்து எழுதுகிறவர் எழுத்தாளருக்காக மட்டும் வாதாடுவதில்லை. 'என் வாசிப்புரிமை பறிபோகிறது' என்று அவர் தம் பெயரிலேயே எழுதலாம்.