கப் அடித்த கையோடு கழகம் மாறலாமா?

போன வருடம் மாரி தொடங்கக் கொஞ்சம் முன்னால், ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒரு உதைபந்தாட்டப் பயிற்றுநர் என்னிடம் வந்தார். வந்து இருந்தவர் உடனே கதைக்கவில்லை. பச்சை நைலோன் கயிற்றில் கட்டிய ஒற்றைச் சாவியொன்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். தேத்தண்ணீர் ஆறிப் போன பிறகுதான் முதல் வசனம் வந்தது: "அண்ணை, போகட்டோ, இருக்கட்டோ?"

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிற எவருக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. கனடாவுக்குப் போகட்டோ, பதவி உயர்வை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போகட்டோ, இடமாற்றம் கேட்கட்டோ என்று கிழமைக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். இவருடைய சிக்கல் என்னவென்றால், இவர் வென்றுகொண்டிருக்கிற ஆள். தோற்கிற பயிற்றுநருக்கு இந்தக் கேள்வியே வராது, கழகமே முடிவெடுத்துவிடும். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், வயது, வருடக் கணக்கு எல்லாம் ஆளை அடையாளம் பிடிக்க முடியாதபடி மாற்றியிருக்கிறேன், ஊகித்துக்கொண்டு எனக்கு வட்ஸ்அப்பில் போட வேண்டாம்.)

கதை இதுதான். ஒரு கிராமத்துக் கழகத்தை ஒன்பது வருடமாகப் பயிற்றுவிக்கிறார், சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பகலில் பாடசாலையில் வேலை. முதல் ஐந்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு வருடம் அரையிறுதி வரை, அதன் பிறகு ஒரே வருடத்தில் இரண்டு கிண்ணம். கிண்ணம் எடுத்த பத்தாவது நாள், கொழும்புப் பக்கக் கழகம் ஒன்றிலிருந்து அழைப்பு. நல்ல காசு, தங்க இடம், சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். மறுமொழி ஒரு கிழமைக்குள் வேண்டுமாம்.

நான் உதைபந்தாட்ட நிபுணன் இல்லை. பாடசாலைக் காலத்தில் இடது பின்காப்பில் நின்று, பெரும்பாலும் கதிரையில் இருந்து பார்த்தவன்தான். ஆனால் குருநகர், நாவாந்துறை, இளவாலை என்று பந்தோடு பிறக்கிற ஊர்களைச் சுற்றி வளர்ந்த ஒருவனுக்கு, பந்தைக் கவனிக்காமல் இருப்பது கஷ்டம். அதனால் அவரோடு மூன்று சந்திப்பிலும் ஐரோப்பியப் பயிற்றுநர்களைப் பற்றித்தான் நிறையக் கதைத்தோம். தன்னைப் பற்றிக் கதைக்க வெட்கப்படுகிறவர் ஃபேர்குசனைப் பற்றி என்றால் ஒரு மணித்தியாலம் கதைப்பார், கதைக்கும்போது தன்னைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருப்பார். என் தொழிலில் இது ஒரு சின்ன வசதி.

அவர் கேட்டது, "போனால் அங்கையும் வெல்லுவனோ?" இதற்கு நானும் மறுமொழி சொல்ல முடியாது, அவருக்கும் தெரியாது. நான் திருப்பிக் கேட்டது வேறு. இந்த இரண்டு கிண்ணத்தில் எதை நீங்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகலாம், எது இந்த மைதானத்தோடேயே கிடக்கும்?

இதை விளங்கிக்கொள்ள பிறையன் கிளவ் போல ஒரு ஆள் கிடையாது. டேர்பி கவுண்டியை 1972இல் இங்கிலாந்துச் சம்பியனாக்கியவர். அடுத்த வருடம் நிர்வாகத்தோடு கொழுவிக்கொண்டு இராஜினாமா. 1974இல் லீட்ஸ் யுனைட்டட், அப்போதைய சம்பியன் அணி, அவரை எடுத்தது. 44 நாள். அவ்வளவுதான், வெளியே அனுப்பிவிட்டார்கள். அதே மனுசன் 1975 ஜனவரியில் இரண்டாம் பிரிவில் கிடந்த நொட்டிங்ஹாம் ஃபொறஸ்ட்டுக்குப் போய், 1977இல் மேலே ஏற்றி, 1978இல் சம்பியனாக்கி, 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கிண்ணத்தையே தூக்கினார். லீட்ஸில் மட்டும் என்ன குறைந்தது? பல காரணம் சொல்வார்கள், வீரர்களோடு முதல் நாளே முட்டிக்கொண்டதும் அதில் ஒன்று. எனக்குப் பெரிதாகத் தெரிவது பீற்றர் ரெய்லர். டேர்பியில் கூடவே நின்ற உதவியாளர், ஆட்களைத் தெரிவுசெய்யிற கண் அவருடையது. டேர்பிக்குப் பிறகு இருவரும் பிறைற்றன் கழகத்துக்குப் போயிருந்தார்கள், கிளவ் லீட்ஸுக்குப் போனபோது ரெய்லர் அங்கேயே நின்றுவிட்டார். 1976இல் ஃபொறஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தார், அதன் பிறகுதான் மேலே சொன்ன எல்லாம் நடந்தது. கிளவ் தன் வெற்றியில் பாதியை வேறொரு ஊரில் விட்டுவிட்டு லீட்ஸுக்குப் போயிருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, அப்படியென்றால் கூட்டத்தோடு போய்விட வேண்டியதுதானே என்றார் நம்மவர். அங்கேயும் ஒரு பொறி கிடக்கிறது. டேவிட் மொயஸ் எவர்டனில் 11 வருடம் நின்று நல்ல பெயர் எடுத்தவர். 2013இல் மான்செஸ்டர் யுனைட்டட்டில் ஃபேர்குசனின் கதிரை அவருக்குக் கிடைத்தது, ஆறு வருட ஒப்பந்தத்தோடு. தன் உதவியாளர்களை எவர்டனிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஏற்கெனவே இருந்த பயிற்றுநர்கள் வெளியேறினார்கள். அந்த அணி முந்திய பருவத்தில் 89 புள்ளியோடு சம்பியன். மொயஸ் 2014 ஏப்ரலில் வேலை இழந்தார், பத்து மாதம், அணி ஏழாம் இடத்தில் முடிந்தது. வீட்டின் பழைய பூட்டுகளுக்கு எந்தச் சாவி என்று தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு எவர்டன் வீடுதான் தெரியும்.

இதை நான் சொல்லும்போது நம்மவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அது என்ன சாவி என்று அப்போதுதான் கேட்டேன். கழகத்தின் சாமான் அறைச் சாவியாம். பந்துகள், கோன்கள், பிப்புகள், மருந்துப் பெட்டி. ஒன்பது வருடமாக அவரிடம்தான். மழை பெய்தால் இரவு போய் ஓடு ஒழுகுதா என்று பார்த்து, பந்துப் பையைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு வருவாராம். போவதென்றால் இதை யாரிடம் கொடுப்பீர்கள் என்றேன். வாயைத் திறந்தார், மூடினார். "அதை யோசிக்கேல்லை அண்ணை" என்றார்.

என்னைக் கேட்டால் ஒரு முழுச் சந்திப்பில் நடந்த வேலை அந்த இடத்தில்தான் நடந்தது.

பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோய் வென்றவரும் இருக்கிறார், மறைக்கக் கூடாது. மொறீனோ 2004 மே மாதம் போர்ட்டோவோடு சம்பியன்ஸ் லீக்கை எடுத்தார், சில நாளில் செல்சியில் நின்றார், அடுத்த பருவம் 95 புள்ளியோடு பிறீமியர் லீக். ஆக, கப் அடித்த கையோடு போகாதே என்று பொதுவாகச் சொல்ல ஏலாது. ஆனால் அவர் போனது உதவியாளர்களோடும், போர்ட்டோவின் இரண்டு பின்காப்பு வீரர்களோடும். வாங்கித் தரக் காசுள்ள ஒரு முதலாளியும் அங்கே இருந்தார். நம் பக்கத்தில் எந்தக் கழகம் பயிற்றுநரோடு சேர்த்து இரண்டு பின்காப்பையும் வாங்கும்?

இரண்டாவது விசயம், கூப்பிடுகிறவன் எவ்வளவு காலம் பொறுப்பான் என்பது. இதை ஆட்கள் கேட்கவே கூச்சப்படுகிறார்கள், கலியாணப் பேச்சில் சீதனத்தைப் பற்றிக் கதைக்கிற மாதிரி. ஃபேர்குசன் அபடீனோடு 1983இல் றியல் மட்ரிட்டையே தோற்கடித்து ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றை எடுத்தவர். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டட்டுக்குப் போனார். முதல் கிண்ணம் 1990இல்தான், லீக் 1993இல்தான். ஆறு வருடத்துக்கு மேல்! இன்றைக்கு அந்தப் பொறுமை எங்கே? பிறைற்றனில் நன்றாக நின்ற கிறகாம் பொட்டர் 2022 செப்டெம்பரில் செல்சிக்குப் போனார், 2023 ஏப்ரல் பிறக்கும்போது வேலை இல்லை. பொஸ்ற்றகொக்ளூ செல்ரிக்கில் மூன்று கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் எடுத்துவிட்டு டொட்டன்ஹாமுக்குப் போனார், 2025இல் அவர்களுக்கு யூரோப்பா லீக்கை எடுத்துக் கொடுத்தார், 16 நாள் கழித்து அனுப்பிவிட்டார்கள். இருந்த இடத்தில் இருந்தவருக்கும் இதே கதிதான் சில நேரம். லெஸ்ரரை 2016இல் சம்பியனாக்கிய றனியேரியை ஒன்பது மாதத்தில் அதே லெஸ்ரர் நீக்கியது. "நான் இவங்களுக்குச் செய்ததை மறக்கமாட்டாங்கள்" என்று நம்பி இருக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

நம் ஊர்க் கழகங்களில் பொறுமை வேறு விதம். ஜேர்சிக்குக் காசு லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் வருகிறது. இரண்டு போட்டி தோற்றால் அங்கிருந்து நாலு நிமிட வொயிஸ் மெசேஜ் வரும், மைதானத்தைக் கண்டு இருபது வருடமான ஒருவரிடமிருந்து, யாரை நடுவில் விட வேண்டும் என்று. காசு தருகிறவருக்கு உரிமை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறதுதான். ஆனாலும் அந்த மெசேஜை இரவு ஒரு மணிக்கு ஹோலில் தனியாக இருந்து திரும்பத் திரும்பக் கேட்கிற பயிற்றுநரைப் பற்றித்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதில்தான் என் தொழில் வருகிறது. போக வேண்டும் என்கிற எண்ணம் ஆசையில் வருகிறதா, களைப்பில் வருகிறதா, மனத்தாங்கலில் வருகிறதா? மூன்றும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். குளொப் 2024 ஜனவரியில் தனக்குச் சக்தி குறைந்துகொண்டு போகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அந்தப் பருவ முடிவோடு லிவர்பூலை விட்டார். குவார்டியோலா நாலு வருடத்தில் 14 கிண்ணம் எடுத்த பார்சிலோனாவை 2012இல் விட்டுவிட்டு, உடனே வேறு கழகத்துக்கு ஓடாமல், நியூயோர்க்கில் ஒரு வருடம் சும்மா இருந்தார். இருவரும் களைத்திருந்தார்கள், களைப்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். களைத்தவன் பெரிய கழகத்துக்கு மாறுவது, காய்ச்சலோடு கலியாண வீட்டுக்குச் சமைக்கப் போகிற மாதிரி. நித்திரை குழம்பி, வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்து, மைதானத்துக்குப் போகும்போது நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள், பிறகு கழகம் மாறுவதைப் பற்றிக் கதைக்கலாம்.

நம்மவருக்கு எது என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது சந்திப்புக்கு மனைவியையும் கூட்டிவரச் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "கப் அடிச்ச அண்டைக்கு மாலை விழுந்தது தலைவருக்கும் கோல் அடிச்ச பெடியனுக்கும்தான். இவர் பின்னாலை கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டவர். வீட்டை வந்து சாப்பிடேல்லை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவியைச் சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

பெலா குட்மன் நினைவுக்கு வந்தார். பென்ஃபிக்காவுக்கு 1961, 1962 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கிண்ணம் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார், இல்லை என்றார்கள், போய்விட்டார். நூறு வருடத்துக்கு உங்களுக்கு இனி ஐரோப்பியக் கிண்ணம் இல்லை என்று சாபம் போட்டதாகக் கதை. சாபத்தை விடுங்கள், அதன் பிறகு பென்ஃபிக்கா எட்டு ஐரோப்பிய இறுதிப்போட்டிகளில் தோற்றிருக்கிறது என்பது உண்மை. இதைச் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள், அன்றைக்கு அறைக்குள் கேட்ட முதல் சிரிப்பு அது.

இருந்தவர்கள் எல்லாம் நட்டப்பட்டவர்கள் இல்லை. லெவகுசன் 2023-24 பருவத்தில் ஒரு லீக் போட்டியும் தோற்காமல் முதல் தடவையாக ஜேர்மன் சம்பியனானது, பயிற்றுநர் ஷாபி அலொன்சோ. லிவர்பூலும் பயேர்ணும் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம், இவர் பெயர்தான் எல்லா வாயிலும். இன்னும் ஒரு பருவம் இங்கேயே நிற்கிறேன் என்றார், நின்றார், 2025இல்தான் றியல் மட்ரிட்டுக்குப் போனார். மற்றப் பக்கம் வெங்கர். 2004இல் தோற்காமல் சம்பியன், ஆர்சனலில் 22 வருடம், கடைசிக் காலத்தில் சொந்த ஆதரவாளர்களே போ என்று பதாகை பிடித்தார்கள். எடி ஹவ் போன்மத்தை விட்டு 2011இல் பேர்ன்லிக்குப் போய், 2012இல் சொந்தக் காரணங்களுக்காகத் திரும்பி வந்து, அதே சின்னக் கழகத்தை 2015இல் பிறீமியர் லீக்குக்கு ஏற்றினார். நம் ஊரில் திரும்பி வருகிறவனை வரவேற்கிற பழக்கம் குறைவு, "போய்ப் பாத்திட்டு வந்திட்டார்" என்று ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே போன இடத்தில் கிடந்து கஷ்டப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கதை, இதை மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். எதையும் எழுத்தில் வாங்குங்கள். எந்த மாதம் வரை, காசு யார் கையால், தங்க இடம் யாருடைய செலவு, நடுவில் நிறுத்தினால் என்ன தருவார்கள். தொலைபேசியில் "நாங்கள் பாப்பம் மாஸ்டர்" என்று சொன்னது ஒப்பந்தம் இல்லை. நம்மவர் கேட்டபோது அந்தக் கழகம் இரண்டு கிழமை மௌனம், பிறகு ஒரு தாள் அனுப்பியது. ஒரு கிழமை என்று அவசரப்படுத்தியவர்களுக்கு ஒரு தாள் எழுத இரண்டு கிழமை எடுத்ததைக் கவனித்தீர்களா என்று மட்டும் கேட்டேன்.

அவர் பருவம் முடியும் வரை நின்றார். பிறகு போனார், கோல்காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்த பெடியனையும் கூட்டிக்கொண்டு. போவதற்கு முன் யாழ்ப்பாணம் பஸ் நிலையப் பக்கம் சாவி வெட்டுகிறவரிடம் சாமான் அறைச் சாவிக்கு இன்னொன்று வெட்டுவித்தாராம். பழையதைக் கழகத்தின் செயலாளரிடம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினார். புதியது அவரிடம் இருக்கிறது, செயலாளருக்குத் தெரியாது.