ஃபர்ம்வேர் – நிலைப்பொருள்

ஒரு கருவிக்குள்ளேயே சில்லில் பதிந்திருந்து அதை இயக்குகிற நிரல்தான் ஃபர்ம்வேர். வன்பொருளை மாற்றக் கருவியைப் பிரிக்க வேண்டும்; மென்பொருளை நினைத்த நேரத்தில் அழிக்கலாம். இது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை 1967-ல் முன்வைத்தவர் கணினி வல்லுநர் ஆஷர் ஓப்ளர். அவர் குறித்தது கணினிச் செயலியை இயக்கும் நுண்நிரல்களை மட்டும். பிறகு பொருள் விரிந்து, சில்லில் பதித்த எந்த நிரலும் ஃபர்ம்வேர் ஆயிற்று.

வீட்டில் படம் பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல்லோடு பழக்கம் ஏற்பட்டது, டிவிடிக்கு அடுத்த தலைமுறைப் பட டிஸ்க்கான புளூ-ரே வந்த பிறகுதான். பழைய விஎச்எஸ் வீடியோ கேசட்டை உள்ளே தள்ளினால் படம் ஓடும். திரையில் கோடு விழுந்தால் டிராக்கிங்கை, அதாவது நாடாவைப் படிக்கும் இடத்தை, சரிசெய்தால் தீர்ந்தது. டிவிடி பிளேயரிலும் ஃபர்ம்வேர் இருந்தது, ஆனால் அதைத் தொட்டவர்கள் குறைவு. 2006-ல் விற்பனைக்கு வந்த புளூ-ரே பிளேயரோ கிட்டத்தட்ட ஒரு கணினி. பல டிஸ்க்குகளில் மெனுவே ஜாவா மொழியில் எழுதிய நிரலாக வந்தது, நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டுகளும் அவ்வப்போது மாறின. அதனால் புது டிஸ்க் பழைய ஃபர்ம்வேரிடம் சிக்கித் திணறும். டிஸ்க்கில் கீறல் இருக்காது, லேசரிலும் பழுது இருக்காது, படம் மட்டும் வராது.

சரி, புதுப்பிக்கலாம் என்றால், தொடக்ககால புளூ-ரே பிளேயர்கள் பலவற்றில் இணைய இணைப்பே கிடையாது. கோப்பைக் கணினியில் இறக்கி, வெற்று சிடியில் எழுதி, பிளேயரில் போட்டுக் காத்திருக்க வேண்டும். போட்டிக்கு வந்து 2008-ல் கைவிடப்பட்ட எச்டி டிவிடி இதில் தேவலை: அதன் பிளேயர்களில் இணைய இணைப்பு தொடக்கத்திலிருந்தே கட்டாயம்.

தமிழில் கணினித் துறையார் வழங்கும் சொல் நிலைப்பொருள். அடிக்கடி மாறுவதை ‘நிலை’ என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபர்ம்’ (உறுதியானது) என்பதற்கும் அதே சங்கடம் உண்டு. வன்பொருள், மென்பொருள் என்ற வரிசையில் சேர்த்துச் சொன்னால் உடனே புரிகிறது. எனக்கு அது போதும். பேச்சில் ‘ஃபர்ம்வேர் அப்டேட்’ என்றே சொல்வோம். கையேட்டில் எழுதும்போது இப்படி வரலாம்: “நிலைப்பொருள் புதுப்பிப்பு முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்.” பாதி எழுதிய நிலையில் நின்றுபோனால், அப்புறம் பிளேயர் இயங்காமலே போகலாம்.