மைண்ட்ஃபுல்னஸ்: மனவிழிப்பு

இக்கணத்தில் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வதை, நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல், அறிந்தே கவனித்திருக்கும் நிலை மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும். மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றிய பேச்சில் இச்சொல் அடிக்கடி வருவதால், அதன் வேரையும் அதற்கு உரிய தமிழையும் அறிந்திருப்பது நல்லது.

பாலி மொழியின் 'சதி', வடமொழியின் 'ஸ்மிருதி' ஆகிய இரண்டுக்கும் நினைத்தல், மறவாதிருத்தல் என்பதே அடிப்படைப் பொருள். புத்தரின் எண்வகை வழியில் ஒன்றான 'சம்மா சதி'யை 1881இல் பாலி மொழி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் ஆங்கிலப்படுத்தியபோது மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல்லை ஆண்டார். தமிழில் இதே உறுப்பை 'நற்கடைப்பிடி' என்பர். இது மிகப் பொருத்தமான சொல். ஏனெனில், இறையனார் அகப்பொருள் உரை 'கடைப்பிடி' என்பதற்கு 'கொண்ட பொருள் மறவாமை' என்றே பொருள் கூறுகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்திலும், முன் உண்டது செரித்ததை அறிந்து, ஒவ்வாதன விலக்கிக் குறிக்கொண்டு உண்ணச் சொல்லும் இடத்தில், 'அற்றது அறிந்து கடைப்பிடித்து' (944) என்று இச்சொல் வருகிறது. சேலம் மாவட்டத்தில் ஆத்தூரை அடுத்த தியாகனூரில் தியான நிலையில் அமர்ந்திருக்கும் புத்தர் சிலைகளைக் கண்டவர்களுக்கு, இக்கருத்து நம் மண்ணுக்குப் புதியதன்று என்பது விளங்கும்.

மருத்துவத் துறைக்குள் இதை முறையான பயிற்சியாகக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-சின். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அவர் 1979இல் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில், மூச்சைக் கவனித்தலும், கால் முதல் தலை வரை உடலுணர்வுகளை ஒவ்வொன்றாகக் கவனித்தலும் இடம்பெறுகின்றன. அமெரிக்க மருத்துவ மாணவர்களுக்கும் மருத்துவப் படிப்புக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கும் இப்பயிற்சியைத் தழுவிய பயிற்சியை அளித்து 1998இல் வெளியான ஆய்வு, பதற்றமும் மனச்சோர்வும் குறைந்து பரிவு கூடியதாகக் கண்டது. மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் உள்ளன என 2016இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு காட்டியிருப்பதால், இதைச் சிறு செய்தியாகக் கருத முடியாது.

இனித் தமிழ்ச்சொல். 'விழிப்புணர்வு' என்பது டெங்கு, சாலைப் பாதுகாப்பு முதலிய பரப்புரைகளுக்கு உரியதாகிவிட்டது. சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் 'விழிப்புணர்வுப் பயிற்சி' என்று அறிவித்தால், மாணவர்கள் பேரணிக்குத்தான் ஆயத்தமாவார்கள். 'தியானம்' மைண்ட்ஃபுல்னஸைவிட விரிந்தது. 'மனநிறைவு' என்று பெயர்ப்பது முற்றிலும் தவறு: இரவுப் பணியிலும் தேர்வுச் சுமையிலும் திணறும் மாணவரிடம், இருப்பதில் நிறைவு கொள் என்று சொல்வதாக அது ஆகிவிடும். 'கடைப்பிடி'யோ இன்று விதியைப் பின்பற்றுதல் என்ற பொருளிலேயே வழங்குகிறது. அதை மீட்க எனக்கு ஆசை உண்டு, ஆயினும் கேட்பவருக்கு உடனே விளங்காது. ஆகவே 'மனவிழிப்பு' என்பதையே பரிந்துரைக்கிறேன்; பயிற்சியை 'மனவிழிப்புப் பயிற்சி' என்றும், உடலுணர்வுகளைக் கவனிக்கும் பகுதியை 'உடல் நோட்டம்' என்றும் சொல்லலாம்.

இச்சொல்லைச் சிகிச்சை என்ற பொருளில் ஆளக் கூடாது. ஓய்வற்ற பணிநேரத்தை மனவிழிப்பு குறைத்துவிடாது. கடும் மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ உள்ள மாணவருக்கு மனநல மருத்துவரே தேவை. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.