பத்மினி ஏன் குலுக்குகிறது?

மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி கார் டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. டாக்ஸிகளுக்கு இந்த நகரத்தில் 20 ஆண்டு வயது வரம்பு உண்டு என்பதால், 2023 அக்டோபர் 30 முதல் கறுப்பு மஞ்சள் பத்மினி எதுவும் வாடகைக்கு ஓடுவதில்லை. சொந்தக் கார்களுக்கு அந்த வரம்பு கிடையாது. மாட்டுங்காவிலும் சயனிலும் செம்பூரிலும் பழைய கட்டட வளாகங்களில் தார்ப்பாய் போர்த்திய பத்மினிகள் இன்னும் நிற்கின்றன. அப்பா வாங்கியது, மாமனார் விட்டுச்சென்றது, மும்பைக்கு வந்த குடும்பத்தின் முதல் கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. விசேஷ நாளில் அதை ஆசையாக எடுத்துக்கொண்டு மாட்டுங்காவிலிருந்து சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய்வந்தால், அன்று இரவு இடுப்பில் தைலம் தேய்க்கவேண்டியிருக்கிறது என்பதும் உண்மை.

வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் ‘பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று முதலிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பது என் உறுதியான கருத்து. உடம்பை வருத்தும் குலுக்கலில் ஒரு பகுதி அந்த காரின் பிறவிக் குணம், மாற்ற முடியாது. இன்னொரு பகுதி வயது தந்த கோளாறு, சரிசெய்ய முடியும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் காரை விற்பவர், காய்ச்சலை வைத்துக்கொண்டு உடல்வாகைக் குறைசொல்கிறார்.

முதலில் மனித உடம்பைப் பார்ப்போம். குலுக்கல் எவ்வளவு பெரியது என்பதைவிட, ஒரு நொடிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதே உடம்புக்கு முக்கியம். நாம் நடக்கும்போது உடல் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை மேலும் கீழும் அசைகிறது. அதற்குச் சற்றுக் குறைவான வேகத்தில், அதாவது 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை (நொடிக்கு ஒரு முறை என்றால் 1 ஹெர்ட்ஸ்) அசையும் கார் நமக்குச் சுகமாக இருக்கிறது. 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கப்பலில் வருவதுபோன்ற குமட்டல் வரும். மேலே போகும்போதுதான் ஆபத்து. உட்கார்ந்திருக்கும் மனிதனின் மார்பும் வயிறும் முதுகெலும்பும் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான செங்குத்து அதிர்வில் தாமாகவே கூடுதலாக ஆடத் தொடங்குகின்றன. உடல்மீதான அதிர்வுகளை மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. 2631 என்ற பன்னாட்டுத் தரநிலையும் இந்தப் பகுதியை ஒட்டியே அதிக எடை கொடுத்துக் கணக்கிடுகிறது. ஆக, நல்ல காரின் வேலை இதுதான்: சாலையிலிருந்து வரும் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தடுத்துவிட்டு, தான் மட்டும் ஒன்றரை ஹெர்ட்ஸுக்குள் மெதுவாக அசைவது.

அதற்குத்தான் ஸ்பிரிங். காரின் எடை ஏறும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரிந்தால், கார் எந்த வேகத்தில் அசையும் என்று சொல்லிவிடலாம். அமுங்கும் தூரம் எவ்வளவோ, அவ்வளவு நீளமுள்ள ஊசல் ஆடும் வேகம்தான் கார் அசையும் வேகமும். 25 செ.மீ. அமுங்கினால் 1 ஹெர்ட்ஸ், 10 செ.மீ. என்றால் 1.6, 6 செ.மீ. என்றால் 2. காரின் எடையோ ஸ்பிரிங்கின் கடினமோ தனித்தனியாகத் தெரியவேண்டியதில்லை. இயற்பியல் தரும் இவ்வளவு எளிமையான விடைகள் குறைவு.

ஸ்பிரிங் தன் வேலையை எப்படிச் செய்கிறது? ஒன்றரை ஹெர்ட்ஸ் இயல்பு கொண்ட காரின் சக்கரத்துக்கு 5 ஹெர்ட்ஸ் குலுக்கல் வந்தால், மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போய்ச்சேரும். எடைமிக்க உடற்பகுதி அசைய நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் சாலை தன் போக்கில் ஏறி இறங்கி முடித்துவிடுகிறது. பத்மினியின் ஸ்பிரிங்குகளும் இதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. இத்தாலியின் பியட் 1100 காரை அடிப்படையாகக் கொண்டு, 1964 முதல் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த கார் இது. பத்மினி என்ற பெயர் 1970களில் வந்தது. முன்சக்கரங்களுக்குத் தனித்தனியாகச் சுருள் ஸ்பிரிங், பின்னால் ஒரே திண்ம அச்சு, அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகள். அந்தக் காலத்துக்கு இது நாணயமான ஏற்பாடு. பிறகு ஏன் குலுக்குகிறது?

விடை அந்தப் பின்பட்டைகளுக்குள் இருக்கிறது. ஆண்டாப் ஹில்லில் பட்டறை வைத்திருக்கும் நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவர், நண்பர் குடும்பத்துப் பத்மினியின் பட்டைக் கட்டை என் கண்ணெதிரே பிரித்தார். நடு போல்ட்டைக் கழற்றிய பிறகும் பட்டைகள் பிரியவில்லை. உளியை இடுக்கில் வைத்துத் தட்டியதும் செங்கல் நிறத்தில் துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. ஒவ்வொரு பட்டையின் முனையும் மேலே இருந்த பட்டையின் அடிப்பக்கத்தைத் தோண்டி, விரல் நகம் பதியும் ஆழத்துக்குப் பள்ளம் போட்டிருந்தது. தடவிப் பார்த்தபோது அந்தப் பள்ளத்தின் விளிம்பு கையைக் கீறியது.

பட்டை ஸ்பிரிங் வளையவேண்டுமென்றால் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவேண்டும். வழுக்குவதற்கு உராய்வைத் தாண்டவேண்டும். பெரிய பள்ளத்தில் அந்த விசை கிடைத்துவிடும், பட்டை வளையும். சிறுசிறு மேடுபள்ளங்களில் அது கிடைக்காது. துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பட்டைக் கட்டு அப்போது ஸ்பிரிங்காக இல்லாமல் ஓர் இரும்புத் தடியாகிவிடுகிறது. அச்சும் உடற்பகுதியும் ஒரே பொருள்போல் சேர்ந்து டயரின் காற்றின்மேல் மட்டும் நிற்கின்றன. சுமார் 900 கிலோ எடையுள்ள ஒரு கார், டயரை மட்டுமே ஸ்பிரிங்காகக் கொண்டு அசைந்தால் அதன் வேகம் ஏறத்தாழ 4 ஹெர்ட்ஸ். அப்போது வரும் 5 ஹெர்ட்ஸ் குலுக்கல் பத்தில் ஒரு பங்காகக் குறைவதற்குப் பதிலாக ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. உடம்பு எங்கே மிகவும் பலவீனமாக இருக்கிறதோ, சரியாக அங்கேயே கார் அடிக்கிறது. வழவழப்பாகத் தெரியும் சாலையில்கூடப் பழைய கார் விடாமல் நடுங்குவதற்கும், பெரிய பள்ளத்தை வியக்கும்படி மென்மையாகத் தாண்டுவதற்கும் இதுவே காரணம். இதைத்தான் பலர் பத்மினியின் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, முனைப் பள்ளங்களைத் தேய்த்துச் சமன்செய்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, முனைகளில் நைலான் துண்டு வைத்துக் கட்டினால் உராய்வு வெகுவாகக் குறையும். புதிய பட்டை வாங்கவேண்டிய அவசியம்கூடப் பெரும்பாலும் வராது.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலை எண்ணெய் வழியாக வெப்பமாக்கித் தணிப்பது அது. நல்ல நிலையில் உள்ள காரை ஒரு முறை அழுத்தி விட்டால், அடுத்த ஆட்டம் முதல் ஆட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கவேண்டும். பாதி அளவுக்கு ஆடினாலே அது செத்துவிட்டது என்று பொருள். ஆனால் ஒட்டிப்போன பட்டைகளின் உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடும் என்பதால், பட்டைகளைச் சரிசெய்வதற்கு முன் இந்தச் சோதனை ஏமாற்றும். முதலில் பட்டை, பிறகு ஷாக். இந்த வரிசையை மாற்றிப் பணத்தை வீணடித்தவர்கள் பலர்.

இணைப்புகளில் உலோகத்தோடு உலோகம் உரசாமல் இருக்கப் பொருத்தும் ரப்பர் புஷ்களையும் மறக்கக்கூடாது. இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஓசோன்கூட அறுத்துவிடும். இழுவிசையில் இருக்கும் ரப்பர் அங்கே வெடிக்கிறது. ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து மூலக்கூறுகளுக்கிடையே புதிய பிணைப்புகளை உண்டாக்கி அதைக் கல்லாக்குகின்றன. கார் ஓடாமல் நின்றாலும் இது நடக்கும். கொட்டகையில் பத்திரமாக வைத்த காரின் டயர், பார்வைக்குப் புதிதாகவும் உள்ளுக்குள் கட்டையாகவும் இருப்பது இதனால்தான்.

இனி பிறவிக் குணம். பத்மினியின் பின் அச்சு, இரு சக்கரங்களையும், எஞ்சினின் சுழற்சியை அவற்றுக்குப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் சேர்த்து ஒரே கனத்த பொருள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றொன்றும் சாய்கிறது. கனமான அச்சு எகிறினால் அதை அடக்குவதும் கடினம். எந்தப் பட்டறையாலும் இதை மாற்ற முடியாது.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரமும் அப்படியே. பத்மினியில் அது 2.34 மீட்டர்தான். மும்பையின் கான்கிரீட் சாலைகளை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் கான்கிரீட் பலகைகளின் இணைப்புகள் வழக்கமாக 4.5 மீட்டருக்கு ஒன்றாக வருகின்றன. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு ஒன்றரைத் தட்டு. காரின் சொந்த அசைவும் அதே ஒன்றரை என்பதால் கார் தலையாட்டத் தொடங்கும். மேலும், பலகையின் நீளம் சக்கர இடைவெளியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முன்பக்கம் ஏறும்போது பின்பக்கம் இறங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது. நீளமான கார்கள் இதில் தப்பிவிடுகின்றன. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அதே இணைப்புகள் நொடிக்கு ஐந்து முறை தட்டுகின்றன, நேராக முதுகின் பலவீனப் பகுதியில். இடையில் 40 முதல் 50 வரையிலான வேகம்தான் இந்தக் காருக்கு உகந்தது. கிழக்கு விரைவுச் சாலையில் எல்லோரும் முந்திச்செல்லும்போது அந்த வேகத்தில் நிம்மதியாகப் போக மனம் இருக்கிறதா என்பதும் முடிவில் ஒரு பங்கு.

இருக்கையும் கவனிக்கவேண்டியது. பஞ்சு இருக்கையும் மனித எடையும் சேர்ந்தால் அதுவே ஒரு ஸ்பிரிங். அதன் இயல்பு அசைவும் 4 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வருகிறது. மெத்தென்று இருக்கட்டுமே என்று கூடுதல் பஞ்சு வைத்துத் தைப்பவர்கள் துன்பத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். சற்று இறுக்கமான பஞ்சும் இடுப்புக்குக் கீழ் முதுகில் தாங்கலும் அதிகப் பயன் தரும்.

இரைச்சலில் ஒரு புதிர் உண்டு. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் காருக்குள் ‘ம்ம்’ என்று காதை அடைக்கும் முழக்கம் எழும், அதைத் தாண்டினால் மறைந்துவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2,600 சுற்று என்றால் நொடிக்கு 87 வெடிப்பு. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள காரின் உட்புறக் காற்றின் சொந்த ஒலியும் அதே அளவில் வருகிறது. எஞ்சின் தாங்கிகளின் ரப்பரை மாற்றினால் பாதித் தொல்லை தீரும். மீதியைத் தரைவிரிப்புக்கு அடியில் கனமான ஃபெல்ட் பார்த்துக்கொள்ளும்.

ஸ்டியரிங் கனமாக இருப்பது நிற்கும்போதுதான். கார் உருளத் தொடங்கியதும் டயரின் தேய்ப்பு குறைந்து லேசாகிவிடும். இதைப் பழகிக்கொள்ளலாம். மே மாதப் புழுக்கத்தைப் பழகிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்ரோலும் மாறிவிட்டது. 2025 முதல் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே வழக்கமாகக் கிடைக்கிறது. அதற்குத் தேவையான காற்றின் அளவு குறைவு. புதிய கார்கள் உணரி மூலம் அதைக் கணித்துத் திருத்திக்கொள்கின்றன, கார்புரேட்டருக்கு அது முடியாது. கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும், பழைய ரப்பர் குழாய்கள் உப்பி இளகும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்குவதும் எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போடுவதும் கட்டாயம்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். டிரம் பிரேக்குக்குள் மழைத்தண்ணீர் புகுந்தால் முதல் சில மிதிகளில் பிடிப்பு இருக்காது. தண்ணீர் தேங்கும் ஜூலை மாத கிங்ஸ் சர்க்கிளில் இது விளையாட்டல்ல. மோதலில் மடங்கி ஆற்றலை உள்வாங்கும் முன்பகுதியும் இந்தக் காரில் இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரைவதற்கு இது ஏற்ற வாகனம் இல்லை. இருப்பது இந்த ஒரே கார்தான் என்றால், விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வேறு கார் இருக்கிறது, இதை ஆசைக்காக வைத்திருக்கிறீர்கள் என்றால் அளந்து முடிவெடுங்கள். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைபேசியின் முடுக்கமானியைக் கொண்டு அதிர்வைப் பதிவுசெய்யும். கைபேசியைக் காரின் தரையில் அசையாமல் ஒட்டி, வழக்கமான சாலையில் ஒரே வேகத்தில் சிறிது தூரம் ஓட்டுங்கள். அதிர்வெண் வரைபடத்தில் ஒன்றரை ஹெர்ட்ஸ் அருகில் மேடு தெரிந்தால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. மேடு 4 ஹெர்ட்ஸ் அருகில் இருந்தால் பட்டைகள் ஒட்டிப்போயிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். வேலை முடிந்த பிறகு அதே சாலையில் அதே வேகத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். மேடு இடம்மாறியிருந்தும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அது பிறவிக் குணம். அப்போது தயங்காமல் விற்கலாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். மும்பையில் 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்கவேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த காரை, 2021இல் வந்த மத்திய விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம், ஆனால் அன்றாடப் பயணத்துக்கு அதை எடுக்கக்கூடாது. பிறகு எண்ணிப் பார்த்து வருந்தாமல் இருக்க, எந்தப் பதிவு வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்வது நல்லது. எதுவாக இருந்தாலும் வாரத்துக்கு ஒரு முறையாவது காரை வெளியே எடுக்க முடியாதவர்கள், எடுத்து ஓட்டக்கூடிய ஒருவருக்கு அதைக் கொடுத்துவிடலாம். மும்பையின் ஈரக்காற்றில் ஆறு மாதம் அசையாமல் நின்றால், சுரண்டிக் கிரீஸ் தடவிய பட்டைகளிலும் துரு மறுபடி ஏறத் தொடங்கிவிடும்.