முகம் ஒன்று, ரேஸர் அறுபத்து மூன்று

வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், உறக்கம் வரவில்லை என்று சொல்லி என்னிடம் வந்தார். மூன்றாம் சந்திப்பில்தான் உண்மை புலப்பட்டது. அவருக்கு உறக்கம் வராமலில்லை, உறங்காமல் விழித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் மாலையில் முடியும் இணைய ஏலங்கள் நமக்கு விடியற்காலையில் முடிகின்றன. கடைசி சில வினாடிகளில் விலை கேட்பதற்காக அவர் நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்துகொண்டிருந்தார். ஏலத்தில் எடுத்தவையெல்லாம் பழைய சவரக் கருவிகள். உடன் வந்திருந்த அவருடைய மனைவி, கோபத்தைவிடக் குழப்பம் மேலிட்ட குரலில், "மூஞ்சி ஒண்ணுதானே டாக்டர் இருக்கு, அறுபத்து மூணு ரேஸர் எதுக்கு?" என்று கேட்டார். (இவரைப் போன்ற சிலரது விவரங்களைக் கலந்தும் மாற்றியும் எழுதுகிறேன், யாரையும் அடையாளம் காண முயல வேண்டாம்.)

அந்தக் கேள்விக்கு விடை தேட, முதலில் அந்தப் பொருளைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஜில்லெட் நிறுவனம் 1903-இல் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. ஆனால் முதல் உலகப் போரின் இறுதியாண்டான 1918-இல் அதே நிறுவனம் அமெரிக்கப் படைவீரர்களுக்கென 35 லட்சம் ரேஸர்களைச் செய்து கொடுத்தது. ஆக, இவற்றுள் பெரும்பாலானவை அரிய கலைப்பொருள்கள் அல்ல. தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. பித்தளையால் ஆனவை என்பதால் எளிதில் கெடாதவை. ஆகையால் ஓர் ஏலம் முடிந்தால் அடுத்த ஏலம் உடனே காத்திருக்கிறது. போதாக்குறைக்கு, 1951 முதல் ஜில்லெட் ரேஸர்களின் தலைப்பகுதிக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டன. எழுத்து ஆண்டைக் குறிக்கும். எண் அந்த ஆண்டின் காலாண்டைக் குறிக்கும். 'ஏ' என்றால் 1955. 'எஃப்' என்றால் 1960. 1960-இல் பிறந்த நம் நண்பர், தாம் பிறந்த காலாண்டில் செய்த ரேஸர் ஒன்றைத் தேடித்தான் தொடங்கினார். அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை, அழகான ஆசைதான். அது கிடைத்ததும் மனைவி பிறந்த காலாண்டு தேவைப்பட்டது. அதன்பின் திருமணமான ஆண்டு. பிறகு, பிளேடின் இடைவெளியை ஒன்பது நிலைகளில் திருகி மாற்றிக்கொள்ளத்தக்க 'ஃபேட்பாய்' வகை 1958 முதல் 1961 வரை மட்டுமே செய்யப்பட்டது என்று அறிந்து, அத்தனை காலாண்டுகளையும் நிரப்பப் புறப்பட்டார். அது நிரம்பும் முன்பே, பெட்டியோடு கிடைப்பவை, பயன்படுத்தப்படாதவை, முலாம் தேயாதவை என்று புதிய வரிசைகள் பிறந்துவிட்டன.

சேகரிப்போர் பலர் கட்டுப்பாட்டுடன் இருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தம்மிடம் இருப்பதை அறிந்து, வரவுக்குள் செலவழித்து, இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிடத் தெரிந்தவர் நோயாளி அல்லர். எண்ணிக்கையை வைத்தோ விலையை வைத்தோ நான் முடிவு செய்வதில்லை. நான் கேட்பது இரண்டே கேள்விகள்: வாங்கியதை யாரிடம் காட்டுகிறீர்கள்? யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்? நம் நண்பர் வாட்ஸ்அப் குழுவில் இருந்த இருநூறு பேரிடம் காட்டினார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த ஒருவரிடம் மறைத்தார். பார்சல்கள் பழைய அலுவலகத் தோழரின் முகவரிக்கு வந்தன. கிரெடிட் கார்டு கணக்கு தனி மின்னஞ்சலுக்குப் போயிற்று.

அந்தக் குழுவின் பதிவுகள் சிலவற்றை அவரே எனக்குக் காட்டினார். படங்கள் நன்றாகவே இருந்தன: தேக்குத் தட்டு, தூரிகை, சோப்புக் கிண்ணம், நடுவே பளபளக்கும் ரேஸர். ரேஸர் வாங்கும் தீராத நோய் தமக்கு வந்துவிட்டது என்று தம்மைத்தாமே கேலி செய்துகொள்வது அங்கே வழக்கம். அதற்கு மற்றவர்கள், எங்களுக்கும்தான் என்று சிரிப்பார்கள். இந்தக் கேலியை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. நோயை வேடிக்கையாகச் சொல்லிவிட்டால், உண்மையிலேயே நோயுற்றவர் வாய்திறந்து உதவி கேட்க இடமில்லாமல் போகிறது. அவருடைய அலறலும் நகைச்சுவையாகவே படிக்கப்படும். மேலும், பாராட்டுகிறவரும் நேற்று வாங்கியவர்தான்; ஒருவர் நிறுத்திக்கொண்டால் மற்றவருக்குத் தம் கணக்கு நினைவுக்கு வந்துவிடும் என்பதால், யாரும் யாரையும் நிறுத்தச் சொல்வதில்லை.

பெருமை பேசுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் நண்பர் ஒரே ரேஸருக்கு மூன்று விலைகள் சொல்லியிருந்தார். ஏலத்தில் கொடுத்தது, சுங்க வரியும் அனுப்பும் கூலியும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய். மனைவியிடம் சொன்னது எழுநூறு. குழுவிடம் சொன்னது, பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்தேன், இருநூறு ரூபாய்! மனைவியிடம் சொன்னது அச்சத்தால் சொன்ன பொய். குழுவிடம் சொன்னது, செல்வத்தைவிடச் சாமர்த்தியத்துக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம் என்பதால் சொன்ன பொய். அதைப் படித்த இன்னொருவர், தமக்கும் அப்படிக் கிடைக்கும் என்று ஊர் ஊராக இரும்புக் கடைகளில் அலைந்தார் என்பது தனிக்கதை.

பொருளைக் கையில் வைத்திருப்பதைவிட, அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில்தான் மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளின் அமைப்பு அதிகம் கிளர்ச்சியடைகிறது. அதனால் பார்சல் பிரிந்ததும் ஒரு வெறுமை வருகிறது. அந்த வெறுமையை நிரப்பத்தான் படம் போடப்படுகிறது. பாராட்டுகள் ஓய்ந்ததும் அடுத்த ஏலம். அப்படியானால் எதைக் கொண்டு சவரம் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தெருமுனை சலூனுக்குப் போவதாகச் சொன்னார். முலாமில் கீறல் விழுந்துவிடும் என்ற பயம்.

இந்த நிலைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மருத்துவ வரலாறு உண்டு. ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் 1915-இலேயே இதனை 'ஒனியோமேனியா', அதாவது வாங்கும் வெறி, என்ற பெயரில் விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்.-5 இதனைத் தனி நோயாக ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11, தூண்டுதலைக் கட்டுப்படுத்த இயலாத கோளாறுகளில் 'பிற' என்னும் பிரிவின்கீழ் இதற்கு இடம் தருகிறது. பெயர் சூட்டுவதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், கடனும் பொய்யும் குடும்பப் பூசலும் உண்மையானவை.

மருத்துவன் என்ற முறையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. அறுபதைத் தாண்டியவர் ஒருவர், வாழ்நாள் முழுதும் சிக்கனமாக இருந்துவிட்டுத் திடீரென வாங்கிக் குவிக்கத் தொடங்கினால், அவர் உட்கொள்ளும் மருந்துகளைப் பாருங்கள். பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலரிடம் சூதாட்டத்தையும் கட்டுக்கடங்காத வாங்கலையும் தூண்டிவிடக்கூடும். அரிபிப்ரசோல் என்னும் மனநல மருந்து குறித்தும் அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2016-இல் இத்தகைய எச்சரிக்கையை வெளியிட்டது. என்னிடம் அழைத்துவரப்பட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நான்கே மாதங்களில் அலமாரி நிறையப் பேனாக்களை வாங்கியிருந்தார். நரம்பியல் மருத்துவர் மருந்தின் அளவைப் படிப்படியாக மாற்றிய பிறகு அந்த வேகம் தானாகவே தணிந்தது. அவரை அதுவரை ஊதாரி என்று ஏசிய மகன், என் அறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உறக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், பேச்சும் திட்டங்களும் பெருகி, கூடவே செலவும் பெருகினால், அது, மனம் மிகுந்த எழுச்சியும் சோர்வுமாக மாறும் இருமுனையக் கோளாறின் எழுச்சி நிலையாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு.

நம் நண்பரிடம் இவ்விரண்டும் இல்லை. வாங்கும் பழக்கத்தை நேரடியாகக் குணப்படுத்தும் என்று உறுதிப்பட்ட மருந்து இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே ஓரளவு பலன் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஏலத்துக்கு முன்பும் என்ன மனநிலையில் இருந்தார் என்று எழுதச் சொன்னேன். பெரும்பாலான பக்கங்களில் இருந்தது ஓய்வுக்குப் பிந்தைய தனிமை: கிளை மேலாளராக இருந்தவரிடம் இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை, குழுவில் மட்டும்தான் அவரிடம் ஐயம் கேட்டார்கள். ஏலத்தளங்களில் பதிந்திருந்த கார்டு விவரங்கள் நீக்கப்பட்டன. மாதக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து பார்க்க ஒப்புக்கொண்டார். படம் போடுவதை மூன்று மாதம் நிறுத்தினார். வாங்குவதை நிறுத்தியதைவிட இதுதான் கடினமாக இருந்ததாகச் சொன்னார். சிலவற்றை விற்று இன்னும் நல்லதாக ஒன்று வாங்குவேன், இதுவும் முதலீடுதான் என்ற வாதம் இடையில் இருமுறை எழுந்தது. விற்ற பணம் நேராகக் கடனுக்குப் போகும் என்று முன்பே எழுதி வாங்கியிருந்ததால் தப்பித்தோம்.

இப்போது அவரிடம் பதினொரு ரேஸர்கள் இருக்கின்றன. 'எஃப்' எழுத்துள்ள ஒன்றில் தினமும் சவரம் செய்துகொள்கிறார். முலாமில் கீறல் விழத்தான் செய்கிறது. கடன் முழுவதும் தீர இன்னும் பதினான்கு தவணைகள் உள்ளன.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் இல்லாதபோது சேகரிப்பைப் பழைய பொருள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மறைப்பு இன்னும் ஆழமாகும். எவ்வளவு செலவானது என்பதைவிட எவ்வளவு கடன் நிற்கிறது என்று, பிறர் முன்னிலையில் அல்லாமல், கேளுங்கள். அருகில் மனநல மருத்துவர் இல்லாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸின் எண்ணான 14416-ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.