பருத்தி கவுன் ஏன் இவ்வளவு சீக்கிரம் கசங்குகிறது?

பாட்டி காலத்துப் பருத்தி கவுனை அன்றாடம் உடுத்தும் ஒரு வாசகி கேட்கிறார்: "காலையில் இஸ்திரி போட்டு உடுத்தினால் மதியத்துக்குள் மடிப்பக்கமும் முதுகும் கசங்கிவிடுகின்றன. பாலியஸ்டர் உடை மட்டும் அப்படியே இருக்கிறதே?"

பருத்தி இழை என்பது விதையின் மேல் வளரும் ஒரே செல். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். செல்லுலோஸ் என்றால் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான்.

விஷயம் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கிறது. ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சங்கிலியில் இருப்பவற்றோடு இவை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு பிடியும் பலவீனமானது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். நீங்கள் உட்காரும்போது துணி மடங்குகிறது. உடல் சூடும் வியர்வையும் இழைக்குள் போகின்றன. நீர் மூலக்கூறு இரண்டு சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து, தானே அந்த ஹைட்ராக்சிலைப் பிடித்துக்கொள்ள, பழைய பிடி விடுகிறது. சங்கிலிகள் கொஞ்சம் நழுவுகின்றன. அப்புறம் ஈரம் போகும்போது, நழுவி வந்த புது இடத்திலேயே புதுப் பிடி விழுகிறது. அதுதான் சுருக்கம்! தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவதும் இதே வேலைதான். இந்த முறை துணி தட்டையாக இருக்கும்போது பிடி விழுகிறது. ஒரே வேதியியல் கசக்கவும் செய்கிறது, நீவியும் விடுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுக்காது.

பாலியஸ்டரில் இப்படி நீரைப் பற்றும் தொகுதிகள் மிகக் குறைவு. சாதாரணக் காற்றில் அது தன் எடையில் சுமார் 0.4 சதவீத ஈரத்தையே வைத்திருக்கும். பருத்தியோ ஏறத்தாழ 8 சதவீதம். அதனால்தான் பாலியஸ்டர் அவ்வளவாகக் கசங்காது, வெயிலில் புழுங்கவும் வைக்கும். பருத்தியின் சுகமும் கசங்கலும் ஒரே ஹைட்ராக்சில் தந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நீக்குவது கடினம்.

நீக்கப் பார்த்தவர்கள் உண்டு. செயற்கை இழைகளிடம் பருத்தி சந்தையை இழந்துகொண்டிருந்த 1950-களில், நியூ ஆர்லியன்ஸில் இருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் வேதியியலாளர் ரூத் பெனெரிட்டோவும் சகாக்களும் செல்லுலோஸ் சங்கிலிகளைச் சகப்பிணைப்பால் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான பிணைப்பு) குறுக்கே இணைக்கும் வழிகளை ஆராய்ந்தார்கள். ஏணிப்படி போன்ற அந்த இணைப்பை நீரால் அவிழ்க்க முடியாது. துணி மடங்கினாலும் பழைய நிலைக்கே திரும்பும். ஆனால் இழையின் வலிமை குறையும். இன்று இஸ்திரி வேண்டாத சட்டைகள் கிடைப்பதில் அரசுப் பணத்தில் நடந்த அந்த ஆராய்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. உடனடி லாபம் தெரியாத ஆய்வுக்கு நிதியை வெட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கவுனுக்கு வருவோம். தண்ணீர் தெளித்ததும் சுருட்டிச் சிறிது நேரம் வையுங்கள், ஈரம் இழையின் உள்ளே வரை போகட்டும். இஸ்திரி போட்ட சூட்டோடு உடுத்த வேண்டாம். இளஞ்சூடும் மிச்ச ஈரமும் இருக்கும்வரை பிடிகள் முழுதாக விழுந்திருக்காது. அப்போது உட்கார்ந்தால் அந்த மடிப்பே நிலைத்துவிடும். ஆறி உலரும்வரை தொங்கவிட்டு, பிறகு உடுத்துங்கள்.